ராகுகாலப் பயிலரங்கு

வெண்ணந்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் பாடம் நடத்தும் உஷாராணி, பயிலரங்குக்கு நாள் குறிக்கக் காலண்டரைப் புரட்டிய மும்முரத்தைப் பார்த்தவர்கள் யாருக்கோ முகூர்த்தம் பார்க்கிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் தேடியதோ கெட்ட நேரத்தை.

எல்லாம் போன வருடம் பட்ட பாடு. எந்த ஆராய்ச்சித் தரவு எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுக்கும் கருவியை மாணவர்களே செய்து பார்ப்பதாக ஏற்பாடு. குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று பொழுது போனது. சாப்பிட்டு எழுந்ததும் சான்றிதழைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். "ஏனுங்க மேடம், கை தட்டுனதுதான் கைப்பயிற்சிங்களா?" என்று கேட்டாள் மாணவி நித்யஸ்ரீ. அந்தக் கேள்வி உஷாராணிக்குச் சுருக்கென்று தைத்தது. இது அவளுக்குக் கடைசி வருடம். இந்த முறையும் வெறுங்கையோடு அனுப்பினால் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

துறைத்தலைவர் முருகானந்தம் தங்கமான மனிதர். நல்ல நேரம் பார்க்காமல் பேனா மூடியைக்கூடத் திறக்கமாட்டார். எனவே உஷாராணி வெள்ளிக்கிழமையைப் பிடித்தார். காலையில் ராகுகாலம், மாலையில் எமகண்டம். இரண்டிலும் விளக்கேற்ற முடியாது; இடைப்பட்ட நேரம் சாப்பாட்டில் போய்விடும். பயிற்சியை மட்டும் ராகுகாலத்துக்கு முன்பே ஒரு கணினியைத் தட்டித் தொடங்கிவிட்டால் போதும். தொடங்கியதைத் தொடரத் தோஷம் இல்லையே!

போட்ட கணக்கு நாச்சிமுத்து வடிவில் புரண்டது. ஓய்வுபெற்ற கோழி ஆராய்ச்சியாளர் அவர்தான் சிறப்பு விருந்தினர். எந்த விழாவுக்கும் நேரத்துக்கு வந்தறியாதவர், அன்று கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து முதல் ஆளாக வந்து இறங்கினார்.

"ராகுகாலத்துக்கு இன்னும் நேரமிருக்குதுங்க! இப்பவே வெளக்கேத்தீட்டா அப்பறம் பேச்சு எத்தன நேரம் போனாலும் பரவால்லீங்க!" என்று முருகானந்தம் குதித்தார்.

உஷாராணியின் யுக்தி அவர் தலையிலேயே விழுந்தது.

எண்ணெய் இருந்தது, திரி இருந்தது, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பொன்னாடையும் இருந்தது. தீப்பெட்டியைத்தான் காணோம். "இங்கதானுங்க வெச்சேன்!" என்று முருகானந்தம் மேசைக்கடியில் தவழ்ந்து தேடினார். 'உன் வேலையா?' என்பதுபோல் உஷாராணி நித்யஸ்ரீயை முறைத்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். கேன்டீனிலிருந்து லைட்டர் வந்து சேர்ந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டிருந்தது.

சும்மா உட்காரப் பிடிக்காத நாச்சிமுத்து, பயிற்சி நடந்துகொண்டிருந்த கணினி அறைக்குள் நுழைந்தார். "ஏஞ்சாமி, இது என்ன பண்ணும்?"

"யாரு, எங்க, எதை அளந்து வெச்சிருக்காங்கன்னு தேடிக் குடுக்குமுங்க ஐயா" என்றாள் நித்யஸ்ரீ.

"வெயில் காலத்துல முட்டை ஓடு மெலிசாகறத நா நாமக்கல் பண்ணையெல்லாம் சுத்தி அளந்திருக்கறனே. தேடு பாக்கலாம்."

தேடினாள். ஒன்றும் வரவில்லை.

"அளந்தத எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

"ஊட்டு பீரோவுல."

"பீரோவுக்குள்ள இது போகாதுங்களே ஐயா."

அறையே சிரித்தது. நாச்சிமுத்துவுக்கு ரோசம் வந்துவிட்டது. மருமகளுக்குப் போன் போட்டு, பீரோவிலிருந்த பென்டிரைவைத் திறந்து கோப்பை அனுப்பச் சொன்னார். எந்தப் பண்ணை, எந்த மாதம், என்ன அளவு என்று விவரக்குறிப்பை ஒற்றை விரலால் தானே தட்டினார். கோப்பில் 'ஓடு' என்று இருந்தாலும் 'முட்டையோடு' என்று தேடுகிறவருக்கும் அது கிடைக்க வேண்டுமே என்று மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ராகுகாலம் முடிந்ததும் முருகானந்தம் வந்து கூப்பிட்டார். "அட இருங்க சாமி!" என்று நாச்சிமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாடே அறைக்கு வந்தது.

எமகண்டம் முடிகிற வேளையில் நித்யஸ்ரீ மறுபடி தேடினாள். முதல் வரியிலேயே நாச்சிமுத்துவின் ஆய்வு வந்து நின்றது. அன்று எல்லாரும் தட்டிய கைகள், காலையிலிருந்து வேலை செய்த கைகள். உஷாராணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரி, இப்ப நல்ல நேரமுங்க" என்று எல்லாரையும் குத்துவிளக்கருகே அழைத்துப்போனார் முருகானந்தம். லைட்டரைத் தேடி உஷாராணி திரும்பினார்.

"அதெதுக்குங்க மேடம்?" என்றபடி முருகானந்தம் தன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். உஷாராணியின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

"போன வருசம் அந்தப் புள்ள கேட்டது எனக்கும் கேட்டுதுங்க."