இரண்டு மடங்கு நீளம்

ஆற்று மீன் ஒன்றின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தெடுக்கும் வேலை அது. மீனின் சதையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துக் கொடுப்பது கணவன் பொறுப்பு. இயந்திரம் அதைத் துண்டு துண்டாகப் படித்துத் தள்ள, அவற்றைக் கணினியில் ஒட்டி முழுசாக்குவது மனைவி பொறுப்பு. ஆய்வகத்தில் அவனுக்குக் கீழ்த்தளம், அவளுக்கு மாடி. அதுவரை ஒரு வம்பும் வந்ததில்லை.

ஒட்டி முடித்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மீனுக்கு நெருங்கிய உறவான இனங்களுக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு நீளம்! ஒவ்வொரு மரபணுவும், அங்கங்கே சின்ன வித்தியாசத்தோடு, இரண்டிரண்டாக இருந்தது. கணினி நிரலை மாற்றி மாற்றி ஓட்டினாள். அதே கதைதான். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள்.

"ரெண்டு மீனைக் கலந்துட்டீங்களா?"

அவன் கையுறையைக் கழற்றினான். "ஒரே மீன். நானே பிடிச்சு நானே அறுத்தேன்."

"அப்ப மிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

"உன் கம்ப்யூட்டரைக் கேளு."

அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் வேலை பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. கூடத் தங்கியிருந்த நாத்தனார் பாடுதான் திண்டாட்டம்.

"அண்ணி, அண்ணன் உப்பு கேக்குறாரு."

"ஒரு டப்பா போதுமா, ரெண்டைக் கலந்து குடுக்கவான்னு கேளு."

நாத்தனார் சிரிப்பை விழுங்கிக்கொண்டு உப்பை நகர்த்தினாள்.

ஆய்வக இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடும்மா. புதுசா ஆரம்பிச்சுக்கலாம்."

சரி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் பழி அவன் தலையில் விழும். கோபம் கோபம்தான்; ஆனால் கழுவிய டம்ளரையே இன்னொரு தரம் கழுவுகிற மனுஷன் அவன்.

"ஒண்ணு பார்த்துட்டுச் சொல்றேன் சார்," என்றாள்.

தொட்டியிலிருந்து அதே இனத்து மீன் ஒன்றை எடுத்து, அதன் செல்களைக் கண்ணாடியில் பரப்பி, நுண்ணோக்கியில் குரோமோசோம்களைப் படம் பிடித்தாள். உறவுக்கார மீன்களுக்கெல்லாம் ஐம்பது. பேனாவால் புள்ளி வைத்து எண்ணிக்கொண்டே போனாள். ஐம்பதைத் தாண்டியும் பாதிப் படம் மிச்சமிருந்தது. நூறில் போய் நின்றது. வேறொரு மீனிலும் நூறுதான். எந்தக் காலத்திலோ இதன் மூதாதை ஒன்றுக்குக் குரோமோசோம்கள் எல்லாமே இரட்டித்திருக்கின்றன. அது யாருடைய கைப்பிழையும் இல்லை.

அவனை மாடிக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாலும் கேட்டதை எல்லார் முன்னாலும்தானே திருப்பி வாங்க வேண்டும்? கீழே போய்ப் படங்களை மேசையில் வைத்தாள்.

"மீனே அப்படித்தாங்க. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்."

அவன் படத்தை விளக்குக்கு அருகில் இழுத்து எண்ணினான்.

"தொண்ணூத்தெட்டுதான் வருது."

"ஓரத்துல ஒண்ணுமேல ஒண்ணு கிடக்கு பாருங்க."

அவன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.