ரினி பக்கத்துக் கண்ணாடி

ரினி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கார் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தாள். காரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பழைய மஸ்டாங் ஒன்றில் கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றும் கைப்பிடி மட்டும் அவள் கையில் இருந்தது. இரண்டு நாளாகப் பாலிஷ் போட்டு அப்போதுதான் அவளிடம் கொடுத்திருந்தேன். வலதுபக்கம் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொண்டு சுற்றினாள்.

"நல்லா காத்து வருது. ஒங்க பக்கமும் எறக்குங்க" என்றாள். நானும் இறக்கினேன்.

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி ஒன்றில் நான் மெயின்டனன்ஸ் டெக்னீசியன். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனாலும் கம்பெனிக் கணக்கில் பேச்சிலர். பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு வந்த எல்லோருக்கும் இங்கே அதுதான் பெயர், பேரன் எடுத்தவர்களுக்கும் கூட. என் லீவுகளையெல்லாம் ஒட்டவைத்துப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது எட்டு மாதம். இப்போதுதான் முதல்முறையாக இரண்டு மாத விசிட் விசாவில் வந்திருந்தாள். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பை விட்டு, ஒரு பழைய வில்லாவில் பிளைவுட் அடித்துத் தடுத்த அறை ஒன்றைப் பிடித்தோம். பக்கத்து அறைக்காரர் தும்மினால் ரினி இங்கிருந்து "சேசுவே" என்பாள்.

கார், அம்மார் என்கிற உள்ளூர் அரபிக்காரருடையது. அவருக்கு ஊருக்கு வெளியே ஒரு கராஜ் இருந்தது. இறந்துபோன அவர் அப்பாவின் மஸ்டாங், தோட்டத்துப் பேரீச்சை மரங்களுக்கு அடியில் இருபது வருஷமாக நின்றிருந்தது. பாடி வேலையை அவர் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். சின்னச் சாமான்களுக்குப் பொறுமை வேண்டும் என்று ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். இதைச் சுத்தமாக முடித்துக் கொடு, உன்னை என் கராஜுக்கு எடுத்துக்கொள்கிறேன், குடும்ப விசா போடலாம் என்று இந்தியில் சொன்னார். அவர் சொன்னது ஒரே ஒரு தடவை. நான் அதைத் தினமும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சக்கரத்து நட்டுகள் துருவேறிக் கிடந்தன. வினிகரில் போட்டும் துரு முழுசாக விடவில்லை. ரினி என்னைத் தள்ளிவிட்டு, கோயில் குத்துவிளக்கு கழுவுகிற மாதிரி புளியும் உப்பும் கரைத்து ஊறவைத்தாள். மறுநாள் நட்டு ஒவ்வொன்றும் பளபளத்தது. இத்தனை வருஷம் டெக்னீசியனாக இருந்து என்ன பிரயோஜனம் என்று கிண்டல் செய்தாள். புளிதான் பெரிய மருந்து, இனிமேல் எல்லாம் உன் பொறுப்பு என்று நானும் சொல்லிவைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்த நாள் டூட்டி முடிந்து வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். எனக்கு ஆச்சரியம் கொடுக்க, காரின் முன்பக்கத்துக் குதிரைச் சின்னத்தைக் காலையிலேயே புளியில் போட்டிருக்கிறாள். அது இரும்பு இல்லை. துத்தநாகத்தில் வார்த்து மேலே முலாம் பூசியது. புளி முலாத்துக்கு அடியில் புகுந்து உலோகத்தையே தின்றிருந்தது. குதிரையின் உடம்பெல்லாம் கறுத்துக் குழி விழுந்திருந்தது, ஒரு காதைக் காணோம்.

"நீங்கதான புளி நல்லதுன்னு சொன்னிய" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, அழாமல் இருப்பதற்காகச் சொன்னாள். நான்தான் சொன்னேன். எதை எதில் போடக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.

புதுசு ஒன்று வாங்கி வைத்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். அவள் கேட்பதற்கு முன்பே நான் போனில் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கிறது. ஆனால் இந்தக் குதிரையின் வாலில் ஒரு வெட்டு இருந்தது. தான் ஆறு வயதில் கல்லால் அடித்தது, அப்பா திட்டவே இல்லை என்று பெட்டியைத் தரும்போதே அம்மார் தடவிக் காட்டியிருந்தார்.

லீவு நாளன்று பெட்டியைக் கொண்டுபோனேன். நான்தான் கெடுத்தேன் என்றேன். அம்மார் குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் வாலைத் தேடினார். வெட்டு இருந்த இடமும் ஒரு குழியாகியிருந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கந்தூரா என்கிற அந்த நீள அங்கியின் பையில் அதைப் போட்டுக்கொண்டார். நட்டுகளை எடுத்துப் பார்த்து, நல்ல வேலை என்றார். விசா என்ன ஆச்சு என்ற கேள்வி என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"புக்ரா, இன்ஷா அல்லாஹ்" என்றார்.

புக்ரா என்றால் நாளைக்கு. அந்த நாளை எப்போது வரும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, விசிட் விசா முடிந்து, ரினியை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். அறையைக் காலி செய்யத் தலையணையைத் தூக்கியபோது அந்தக் கைப்பிடி கிடந்தது. பெட்டியில் போட்டுக் கொடுத்தாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். மறந்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா தெரியவில்லை. நாளைக்கு அம்மாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுபடி அவர் முன்னால் போய் நிற்க ஒரு காரணமாச்சு.

சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாள். சாப்பிட்டியளா என்றாள், சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். 

"இங்க புழுக்கமா இருக்கு. எம் பக்கத்துக் கண்ணாடிய எறக்குங்களேன்" என்றாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கட்டிலில் அவள் உட்காரும் பக்கம் நகர்ந்தேன். கைப்பிடியைப் பிளைவுட் சுவரில் வைத்து மெதுவாகச் சுற்றினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். சுற்றிக்கொண்டே இருந்தேன்.