ஓநாயின் வீடு

"மூஞ்சியே பார்க்காதவனை நம்புறானுங்க இப்போ" என்று முணுமுணுத்தபடி, விஷயம் கேள்விப்பட்டு மாடியறைக்கு வந்தார் வீட்டுக்காரர் பரசுராமன்.

அங்கே குடியிருந்த ஆறுமுகநயினார் கம்ப்யூட்டரையே வெறித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் கேமில் சேர்த்த வாளையும் கவசத்தையும் விற்று வாங்கிய கிரிப்டோ காயின்களை, பலர் கூடிக் கம்ப்யூட்டரிலேயே புதுக் காயின் தோண்டிப் பங்கு பிரிக்கும் ஒரு குரூப்பில் போட்டிருந்தான். அதை நம்பி நேற்றுதான் ஒரகடம் கம்பெனி வேலையை விட்டான். இன்று குரூப்பின் சைட்டே திறக்கவில்லை.

"சீட்டு கட்டுற மாதிரிதான்யா" என்றான்.

"சீட்டுக்காரன் ஓடிட்டா அவன் வூட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்தலாம். இந்த குரூப்பு நடத்துறவன் வூடு எங்க கீது?"

"தெரியாதுய்யா. பேரு மட்டும் ஓநாய்னு போட்டிருக்கும்."

"ஓநாய்கிட்ட ஆட்டைக் குடுத்துட்டு உக்காந்துகினு கீறியா?"

"நாளைக்குத் திறந்துரும்யா" என்று நயினார் மறுபடி பட்டனைத் தட்டினான்.

"தொறக்கும், தொறக்கும்" என்று கையை உதறிவிட்டு, துளியும் நம்பாமல் படியிறங்கிப் போனார் பரசுராமன்.