வலித்த இடம்

எக்ஸ்ரே அறையில் எனக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். டாக்டர் சீட்டில் எந்த இடம் எழுதியிருக்கிறதோ அந்த இடத்தைப் படம் எடுப்பேன். அதற்கு மேல் ஒரு விரற்கடை போக மாட்டேன்.

என் மகளுக்கு மட்டும் சீட்டே கேட்கவில்லை. பதின்மூன்று வயது. "முட்டி வலிக்குதுப்பா" என்றாள். கையோடு கூட்டிப்போய் முட்டியை எடுத்தேன். எலும்பு பளிச்சென்று இருந்தது. அடுத்த மாதமும் எடுத்தேன், அப்போதும் பளிச்.

"ஒண்ணுமில்ல. விளையாட்டு பீரியடுக்கு மட்டம் போட ஒரு சாக்கு. நாடகம் ஆடாத" என்று திட்டினேன்.

மனைவிக்கு மனசு ஆறவில்லை. "என்னங்க, நடக்கிறப்ப அவ பாதம் வெளிப்பக்கமா திரும்புது, பாத்தீங்களா? டாக்டர்கிட்ட காட்டலாமே."

"படத்துல இல்லாதது உன் கண்ணுக்குத் தெரியுதாக்கும்" என்றேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எக்ஸ்ரேக்காரன் பிள்ளை நொண்டிய கதை அதைவிடக் கேவலம்.

நான்காம் மாதம் பள்ளிக்கூடப் படியில் விழுந்தாள். எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் அவளைப் படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையை மெல்ல உள்பக்கம் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இடுப்பை எடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"முட்டிதான் சார் வலிக்குதுன்னா."

"இந்த வயசுல இடுப்பு மூட்டுல எலும்பு நழுவினா, சில பேருக்கு முட்டிதான் வலிக்கும். உடனே எடுங்க. அவ கால ஊனவே கூடாது."

சக்கர நாற்காலியில் நானே தள்ளிக்கொண்டு போனேன். மேஜையில் படுக்கவைத்துவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டாள்.

"அப்பா, இதுலயும் ஒண்ணும் தெரியலைன்னா திட்டாதீங்கப்பா. நிஜமாவே வலிக்குது."

தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அழுதேன். திரையில் படம் வந்தது. முட்டிக்கு இரண்டு சாண் மேலே, தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவிக் கிடந்தது.

ஆபரேஷன் செய்து திருகாணி வைத்தார்கள். முதல் மாதமே காட்டியிருந்தால் கால் குட்டையாகியிருக்காது என்றார் டாக்டர். இப்போது ஒரு கால் செருப்புக்கு மட்டும் தடிமனான அடிப்பாகம் வைத்துத் தைத்துப் போட்டு நடக்கிறாள்.

தினமும் கேட்கிறேன், "எங்கயாவது வலிக்குதாம்மா?"

"இல்லப்பா" என்கிறாள், மாடிப்படியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு. வலிக்கிறது என்பதை அவள் அம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன்.