முன் சக்கரத்துக்கும் சங்கிலி

மூன்று நாளாக ஏரி தன் மூச்சையெல்லாம் பனியாக்கிக் கரைமேல் ஊதிக்கொண்டிருந்தது. வேலி, தபால் பெட்டி, அடுத்த வீட்டுப் புகைபோக்கி எல்லாம் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் கரைந்துபோயின. தான் விழித்துத்தான் இருக்கிறோமா என்று ஹில்யாவுக்கே சந்தேகமாக இருந்தது.

பத்து மணிக்கு வேன் வரும், அவள் கணவன் வைனோவை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போக. செவ்வாய்க்கிழமை வந்த வேன், பாதை மூடிக் கிடந்ததைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இரண்டே நாளில் அவன் கால்கள் ஷூவுக்குள் நுழையாத அளவு வீங்கிவிட்டன. இன்றும் தவறினால் உயிருக்கே ஆபத்து.

வீட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவு. அதை ஒட்டி ஓடைப் பள்ளம். நேற்று ஹில்யா பனி தள்ளும்போது சின்ன டிராக்டர் அங்கே திரும்பாமல், நேரே பள்ளத்தைப் பார்த்துச் சறுக்கியது. பின் சக்கரங்களுக்கு மட்டுந்தான் சறுக்காமலிருக்கச் சங்கிலி. முன்னாலும் சங்கிலி கட்டுவது ஏரிப் பாலத்துக்குத் தெற்கே, பனி குறைந்த ஊர்களில் இருக்கிற பயந்தாங்கொள்ளிகளின் வேலை என்பது வைனோவின் கட்சி.

அவனுக்குத் தெரியாமல் வாங்கி ஸௌனா என்கிற நீராவிக் குளியலறையின் பெஞ்சுக்கடியில் வைத்திருந்த சங்கிலி ஜோடியை ஹில்யா இன்று எடுத்து மாட்டினாள். கொஞ்ச தூரம் ஓட்டி, தளர்ந்த கண்ணிகளை மறுபடி இழுத்துக் கட்டினாள். சமையலறைக் கதவைத் திறந்து வைனோ எட்டிப் பார்த்தான்.

"வண்டிக்கு நகையெல்லாம் போட்டிருக்கே. சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"உன்னை அங்க தூக்கிட்டுப் போக வேணாம்னுதான். கதவைச் சாத்து."

வளைவு வந்தது. வைனோ செய்வதுபோல் நெம்புகோலை அழுத்தி, முன்னாலிருந்த பனி தள்ளும் தகட்டைத் தரையோடு நெருக்கினாள். சங்கிலி இருந்தும் வண்டி திரும்பவில்லை. கனவில் ஓடுகிற கால்போல முன் சக்கரங்கள் எங்கேயும் படாமல் சுற்றின. பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால், குவிந்த பனியில் முட்டி நின்றது.

ஹில்யா குனிந்து முன் சக்கரங்களைப் பார்த்தாள். பனி சத்தமில்லாமல் மடியில் விழுந்தது. தகட்டை அழுத்த அழுத்த அது தரையில் ஊன்றிக்கொண்டு வண்டியின் மூக்கைத் தூக்குகிறது. தரையைத் தொடாத சக்கரத்தில் சங்கிலி எதைக் கடிக்கும்? முப்பது வருஷமாக அவன் அழுத்தியே ஓட்டியிருக்கிறான்.

பின்னால் எடுத்து, நெம்புகோலைத் தளர விட்டாள். தகடு தன் பாரத்திலேயே படுத்தது. மூக்கு இறங்கியது. சங்கிலி பனிக்கட்டியைக் கடிக்கும் மெல்லிய நறநறப்பு கேட்டது. வண்டி, தூக்கத்தில் புரள்கிற பசுவைப்போல மெதுவாக, முழுதாகத் திரும்பியது.

வேன் வாசல்வரை வந்தது. ஏறும்போது வைனோ பாதையைக் குறை சொன்னான். இரண்டு விரல் கனத்துக்குப் பனி அப்படியே இருக்கிறதாம். உட்கார்ந்த பிறகு குரல் இறங்கியது.

"நாலு மணிக்குத் திரும்பி வருவேன். பாதை இருக்குமா?"

"இருக்கும்."

வேன் வளைவைத் தாண்டி வெள்ளைக்குள் மறைந்தது. அதன் சக்கரத் தடம் அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. ஹில்யா கையுறையை மாட்டிக்கொண்டு, மறுபடி டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.