டேஷ்போர்டுக்குள் நோராவின் புடவைகள்

காக்ஸ் டவுனில் நோரா டீச்சரின் புடவைகள், பாவாடைகள், ஜாக்கெட்டுகள், இரண்டு கம்பளிப் போர்வைகள் எல்லாம் அவள் கணவர் ஹெர்பர்ட் வாங்கிய காரின் க்ளவ் பாக்ஸில் இருக்கின்றன. பெட்டி ஒரு சாண் ஆழம். மெக்கானிக் ரவி டேப் வைத்து அளந்து பார்த்தான். பிறகு கையை விட்டான். தோள்பட்டை வரை போனது, விரலில் ஒரு பாச்சை உருண்டை தட்டுப்பட்டது. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆயில் மாற்றப் போனான்.

அந்தக் கார் அசல் அல்ல. ஏதோ பழைய இங்கிலீஷ் காரைப் பார்த்து, ஒரு ஜீப்பின் சேஸிஸ் மேல் யாரோ கட்டிய நகல். ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து ரிட்டையர் ஆனதும் ஹெர்பர்ட் அதை வாங்கி, சர்ச் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார். வெளியே ஒரே பளபளப்பு. உள்ளே டேஷ்போர்டு வெறும் ஃபைபர். அதன்மேல் ஒட்டியிருந்த மர ஸ்டிக்கர் வெயிலில் உரிந்து தொங்கியது, மீட்டர்களில் பாதி வெறும் படம். மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள். கையைக் கடிக்காமல் அதைச் சரிசெய்ய ஹெர்பர்ட் கிளம்பினார். சிவாஜிநகர் குஜ்ரியில், பழைய சாமான்களுக்கு நடுவே, ஒரு மோட்டார்பைக்கின் ஸ்பீடோமீட்டரும் டிராக்டரின் ஆயில் மீட்டரும் எந்த லாரியுடையதோ ஒரு கடிகாரமும் கிடைத்தன. வெளிறிப்போன முட்களுக்கு நோராவின் நெயில் பாலிஷை எடுத்துத் தடவினார். மரம்தான் இடித்தது. ஆசாரி சொன்ன விலையைக் கேட்டவர் பஸ் ஏற மனமில்லாமல் வீட்டுக்கு நடந்தே வந்தார்.

வீட்டில் ஒரு ரோஸ்வுட் அலமாரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே, நோரா தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. தங்கை மகளின் பிரசவத்துக்கு அவள் கே.ஜி.எஃப். போயிருந்த வாரத்தில், ஹெர்பர்ட் அதன் இரண்டு கதவுகளையும் கழற்றி, அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டுக் காரில் பொருத்திவிட்டார். க்ளவ் பாக்ஸின் மூடிக்கு அலமாரியின் பித்தளைப் பூட்டையே வைத்தார். வேலை அழகாகத்தான் இருந்தது என்று அவருக்கு ஆகாதவர்களும் சொல்கிறார்கள்.

நோரா திரும்பி வந்தபோது அலமாரி வாயைத் திறந்தபடி நின்றது. உள்ளே ஒன்றுமில்லை.

"கதவு எங்கங்க?"

"கரையான் பிடிச்சிருந்துது, நோரா. எடுத்துட்டேன்."

"ரோஸ்வுட்ல கரையானா? சரி, என் புடவைங்க எங்க?"

அது அவருக்கும் தெரியவில்லை. கட்டிலில் அடுக்கி வைத்ததாகவும், சாயங்காலம் பார்த்தால் காணோம் என்றும் சொன்னார். அது உண்மை. ஆனால் கரையானுக்குப் பின்னால் வந்த உண்மையை நம்ப நோரா தயாராக இல்லை. பக்கத்து வீட்டு வீணாவிடம் புடவை கேட்டுக் கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள். கணவரிடம் பேசவில்லை.

அந்த மாதமே அடுத்த தெரு ஃபிராங்க்ளினின் மகள் லவினாவுக்குக் கல்யாணம். புது டேஷ்போர்டோடு கார் சர்ச் வாசலில் நின்றது. போட்டோவுக்காக முன் சீட்டில் உட்கார்ந்த மணப்பெண், முகம் துடைக்க டிஷ்யூ இருக்குமா என்று க்ளவ் பாக்ஸைத் திறந்தாள். பச்சை மைசூர் சில்க் ஒன்று கையோடு வந்தது. அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. ஈஸ்டருக்குக் கட்டியது, ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக் கட்டியது, ஹூக் போன ஜாக்கெட்டுகள், உள்பாவாடைகள். வெள்ளை கவுன் தெரியாதபடி மடியில் குவிந்து, கார் கதவைத் தாண்டி வழிந்தன. பாதிரியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வீணாவின் இறுக்கமான ஜாக்கெட்டில் நின்றிருந்த நோரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து மூடியைப் பார்த்தாள்.

"இது என் பூட்டு."

"எல்லாரும் பாக்குறாங்க, நோரா," என்றார் ஹெர்பர்ட்.

"பாக்கட்டும். என் பாவாடையையே பாத்துட்டாங்க, இனிமே என்ன. கரையான்னு சொன்னீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்."

துணிகளை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், இரும்பு பீரோ வாங்கி அடுக்கினார்கள். விடிந்ததும் எல்லாம் க்ளவ் பாக்ஸில் மடிப்புக் கலையாமல் இருந்தன. பூட்டி வைத்தாலும் அதே கதை. எந்த மணப்பெண்ணும் அந்தக் காரில் ஏறச் சம்மதிக்கவில்லை. ஹெர்பர்ட் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்: "உன் துணியால எனக்கு வாடகையே போச்சு."

நோரா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் துணியாலயா? என்னைக் கேக்காம என் அலமாரியக் கொண்டுபோய் காருக்குள்ள வெச்சீங்க. இப்ப என் அலமாரிக்கு நாலு சக்கரம் இருக்கு, அவ்ளோதான். சாவியக் குடுங்க."

அவர் கொடுத்தார்.

நோரா டிரைவிங் கற்றுக்கொண்டாள். காலையில் போர்ட்டிகோவில் காருக்குப் பக்கத்தில் நின்று அன்றைய புடவையை எடுப்பாள், மழை சாரலடித்தால் குடையோடு. முதலில் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு, பச்சை வேண்டாம், நேற்றும் பச்சைதான் என்று மாடியிலிருந்து வீணா சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது. ஹெர்பர்ட் எதை உள்ளே வைத்தாலும், மூக்குக்கண்ணாடியோ கைக்குட்டையோ, மூடி திறந்து அவர் மடியிலேயே விழுந்தது. சில வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவரின் சாவுக்குப் போக, கதவருகே நின்று சாவி கிடைக்குமா என்று கேட்டார். நோரா கொஞ்சம் யோசித்து, இன்றைக்கு வேண்டாம் என்றாள். அவர் பஸ்ஸில் போய் வந்தார். மனுஷன் கடைசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார் என்று சாயங்காலம் அவள் வீணாவிடம் சொன்னாள்.

போன மழைக்காலத்தில் மார்க்கெட் முனையில் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்தார்கள். ஹெட் கான்ஸ்டபிள் சேஷகிரி ஆர்.சி. கேட்டார். அது க்ளவ் பாக்ஸில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அவர் இரண்டு கையையும் நீட்ட, நோரா ஒவ்வொரு புடவையாக எடுத்து அதன்மேல் அடுக்கிக்கொண்டே தேடினாள். பின்னால் ஒரு ஆபீஸ் வேன் விடாமல் ஹாரன் அடித்தது. சேஷகிரி அடுக்கு சரியாமல் மெதுவாகத் திரும்பினார்.

"இருப்பா," என்றார். "மேடம் அலமாரியில தேடிட்டிருக்காங்க."