முன் ஸப்பில் ஒரு வெள்ளைச் சதுரம்

சிலாவத்துறைக்குத் தெற்கே, கடலை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரின் பள்ளிவாசலில் மூத்திர நாற்றம் அடிக்கிறது என்று கார்த்திகை மழையோடு ஒரு பேச்சுக் கிளம்பியது. நாற்றம் உண்மைதான், அதை யாரும் இட்டுக்கட்டவில்லை. முன் ஸப்பில், அதாவது தொழுகையின் முதல் வரிசையில், கடல் பக்கத்து யன்னலோரம் போனால் குப்பென்று ஏறும். அந்த யன்னலோரம் முஹைதீனுடைய இடம். இடம்பெயர்ந்த சனம் ஊர் திரும்பி வந்த வருஷம், பற்றைக்காட்டை வெட்டித் தரப்பாள் கட்டி முதல் பாங்கு சொன்ன மனிதர் அவர். அன்று முதல் அங்கேதான் தொழுகிறார்.

வைகாசியில் அவருக்கு ஒப்பரேசன் நடந்தது. மூத்திரம் போகக் குழாய் பூட்டி இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். ஊருக்கு இது போதாதா? அதற்குப் பிறகு ஊரின் மூக்கு காதைக் கேட்டுத்தான் மணந்தது.

முகத்துக்கு நேரே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தோளோடு தோள் முட்ட நிற்க வேண்டும், இடையில் வெளி விடக்கூடாது என்று மௌலவி ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் சொல்வார். அப்படிப்பட்ட வரிசையில் முஹைதீனின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முழம் தள்ளி நின்றார்கள். ஒரு கிழமை பார்த்தார். அடுத்த கிழமை அவர் பள்ளிக்கு வரவில்லை.

பள்ளித் தலைவர் அப்துல் ஹமீட் ஹாஜியார் ஜமால்தீனைக் கூப்பிட்டார். ஜமால்தீன் கட்டாரில் பதினொரு வருஷம் கார்பெட் கழுவிவிட்டு, கழுவுகிற மெஷின் ஒன்றையும் காவிக்கொண்டு ஊருக்கு வந்தவர். இந்தக் கரையில் கார்பெட் விரித்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பது அவருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

“மணம் எங்க இருந்து வருது எண்டு கண்டுபிடி ஜமால்,” என்றார் ஹாஜியார். “அவர்ர இடந்தான் எண்டா, இனி வீட்டில தொழுங்கோ எண்டு நான் போய்ச் சொல்லுறன். நஜீஸ், அசுத்தம் பட்ட இடத்தில சனம் தொழுதா நான்தானே பதில் சொல்லோணும்? வெள்ளிக்கிழமைக்கு முதல் முடிவு வேணும்.”

ஹாஜியார் பொல்லாதவர் இல்லை. வயிற்றில் ஒரு சொல்லை வைத்திருக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். ஆனாலும் அவர் கேட்ட முடிவு ஒரு மனிதர் தன் பள்ளிக்குள் இனிக் கால் வைப்பாரா மாட்டாரா என்பது. ஜமால்தீனுக்கு அது விளங்கியது. விளங்கியும், டோர்ச் வாங்குகிற விஷயத்தில் அவர் அசட்டையாக இருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

மூத்திரக் கறை காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போனாலும், ஊதா வெளிச்சம் பட்டால் மின்னும். கட்டாரில் சூப்பர்வைசர் அப்படி ஒரு டோர்ச்சை இடுப்பிலே செருகிக்கொண்டு திரிவார். ஜமால்தீன் பிடித்தது கழுவுகிற மெஷினின் குழாயை மட்டும்தான். அதனால் மன்னார் டவுன் கடையில், காசுத்தாள் கள்ளத்தாளா என்று பார்க்கிற டோர்ச்சை எடுத்து நீட்டியதும் மறு கேள்வி கேட்காமல் வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம், ஐம்பது சின்னக் குமிழ், பளீரென்ற ஊதா. வெளிச்சம் வெளிச்சம்தானே என்று நினைத்தார்.

திங்கட்கிழமை பகல் லுஹர் தொழுகை முடிந்து சனம் கலைந்ததும், யன்னல்களை எல்லாம் பூட்டி, மீள்குடியேற்றத்தில் கொடுத்த பழைய தரப்பாள்களைத் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்கினார்கள். ஹாஜியாரும் பாங்கு சொல்லும் மோதினாரும் பக்கத்தில் நின்றார்கள். ஜமால்தீன் டோர்ச் சுவிட்சை அமத்தினார். பள்ளி முழுக்க ஊதா வெள்ளம். நூல், பஞ்சு, யாரோ கிழித்துப் போட்ட கடதாசித் துண்டு எல்லாம் மின்னின. யன்னலோரம் வந்ததும், முஹைதீனின் இடத்தில் ஒரு முழச் சதுரம் வெள்ளை வெளேரென்று எரிந்தது.

“இந்தா!” என்று ஜமால்தீனின் வாய் முந்திக்கொண்டது.

அந்த ஒரு சொல்தான். பின்னேரம் அஸர் பாங்கு சொல்ல முன்னமே அது தேத்தண்ணிக் கடைக்கும், அங்கிருந்து மீன் வாடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீட்டில் ஜமால்தீனின் மனைவி ஜெஸீமா குசினியில் நின்றாள். ஊதா வெளிச்சத்தில் தேள் மின்னுமாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டோர்ச்சைப் பறித்து விறகுக்குப் பின்னால் அடித்துப் பார்த்தாள். தேள் இல்லை. திரும்பியபோது வெளிச்சம் புருஷனின் சாரத்தில் பட்டது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வெள்ளை வெளேரென்று எரிந்தது சாரம்.

“அல்லாஹ்வே! நீங்களும் பெய்திட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜமால்தீன் சிரிக்கவில்லை. “இது எப்ப தோய்ச்சது?”

“காலமைதான். சவர்க்காரத் தூள் போட்டு ஊறவைச்சுத் தோய்ச்சனான். ஏன், முகம் இப்பிடிப் போகுது?”

 தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தூள் பட்ட துணியையும் மூத்திரம் பட்ட கார்பெட்டையும் பிரித்துக் காட்டத் தெரியாத ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதரின் மானத்தில் கை வைத்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கட்டாரில் இன்னும் வேலை செய்கிற கூட்டாளி பக்கீருக்குப் போன் எடுத்தார்.

“நீ வாங்கினது முன்னூற்றுத் தொண்ணூற்றைஞ்சு நனோமீற்றர் வெளிச்சம்,” என்றான் பக்கீர். “அது தன்ர ஊதாவையே அள்ளிக் கொட்டும், மற்றதெல்லாம் அதுக்குள்ள மறைஞ்சு போகும். முன்னூற்று அறுபத்தைஞ்சு எண்டு போட்டது வாங்கு. முன்னால கறுப்புக் கண்ணாடி இருக்கோணும். வெளிச்சம் கண்ணுக்குப் பெரிசாத் தெரியாது. தெரியேல்ல எண்டு ஏமாந்து திருப்பிக் குடுத்திராத.”

புதன்கிழமை பகல் கொழும்பு பஸ்ஸில் அது வந்து சேர்ந்தது. விரல் நீளம்தான், விலை மட்டும் முதல் டோர்ச்சைப் போலப் பல மடங்கு. இந்தத் தடவை ஜமால்தீன் அதை நம்பிவிடவில்லை. பழைய கார்பெட் துண்டொன்றை எடுத்து, ஒரு மூலையில் சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீர், ஒரு மூலையில் ஆட்டு மூத்திரம், இன்னொரு மூலையில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நனைந்த துணியைப் பிழிந்து ஊற்றி, ஃபானுக்குக் கீழே காயவைத்தார்.

“கட்டாருக்குப் போய் வந்த மனிசன், பச்சைப் பிள்ளைட மூத்திரத்துக்குப் பாத்திரம் ஏந்தித் திரியிறார்,” என்று ஜெஸீமா வேலிக்கு மேலால் அயலுக்கே கேட்கச் சொன்னாள்.

காய்ந்ததும் கதவைச் சாத்திப் பார்த்தார்கள். பழைய டோர்ச்சில் தூள் மட்டும் எரிந்தது, மற்ற இரண்டும் ஊதாவுக்குள் காணாமல் போயின. புதியதில் மூன்றும் தெரிந்தன. தூள் நீலம் கலந்த வெள்ளை. மூத்திரம் அப்படி எரியாது, பழைய மஞ்சள் தண்ணீர் போல மங்கலாகக் கிடக்கும். ஜெஸீமா சிரிப்பை நிறுத்திவிட்டு, “இதைக் கொண்டு போங்கோ,” என்றாள்.

வியாழக்கிழமை மறுபடி தரப்பாள் கட்டினார்கள். “பார்த்ததுதானே, திரும்ப என்ன பார்வை?” என்று ஹாஜியார் முறுகினார்.

“நான் பார்த்த பார்வை பிழை ஹாஜியார். இந்தமுறை வடிவாப் பாருங்கோ.”

முஹைதீனின் இடத்தில் அந்தச் சதுரம் நீலவெள்ளையாக நின்றது. குனிந்து பார்த்தால் பிரஷ் இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. யாரோ முழங்காலிட்டுத் தேய் தேயென்று தேய்த்திருக்கிறார்கள். மஞ்சள் ஒரு சதக் காசுக்குற்றி அளவும் இல்லை. ஜமால்தீன் டோர்ச்சை மெல்ல நகர்த்தினார். இரண்டு எட்டுத் தள்ளி, குர்ஆன் வைக்கும் அலுமாரியின் காலடியில் மஞ்சள் தொடங்கியது. திட்டுத் திட்டாக அலுமாரிக்குப் பின்னால் போய், சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது.

மூவரும் சேர்ந்து அலுமாரியை இழுத்தார்கள். பின்னால் மூன்று குட்டிகளோடு ஒரு சாம்பல் பூனை. அது ஹாஜியாரைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலில் உரசியது. வாடியில் தினமும் அவர் மீன் தலை போடுகிற பூனை. அவருக்குப் பின்னால் பள்ளிவரை வந்து, மழைக்கு உள்ளேயே தங்கிவிட்டது. ஹாஜியார் வாய் பேசாமல் நின்றதை மோதினார் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாராம்.

“அப்ப அங்க தேய்ச்சது ஆர்?” என்று கேட்டார் ஜமால்தீன்.

மோதினார் தலையைச் சொறிந்தார். “முஹைதீன் காக்காதான். வாறதை நிப்பாட்ட முதல், அந்தக் கிழமை முழுக்க விடியச் சுபஹுக்கு நான் கதவு திறக்கேக்க வாளியும் பிரஷும் கொண்டு வந்து நிப்பார். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு கையைப் பிடிச்சவர். நான் சொல்லேல்ல.”

 ஜமால்தீன் அஸர் தொழுதுவிட்டு நேரே முஹைதீனின் வீட்டுக்குப் போனார். பூச்சுப் பூசாத வீட்டுத்திட்ட வீடு. முற்றத்துக் கொடியில் ஐந்து சாரம் காய்ந்தது. ஒற்றை ஆளுக்கு ஒரு நாளில் ஐந்து சாரம்.

நடந்ததை எல்லாம் சொன்னார்.  முஹைதீன், “அப்ப நான் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா.”

“எனக்கே தெரியேல்ல தம்பி. ஒப்பரேசனுக்குப் பிறகு நனைஞ்சாலும் சில நேரம் தெரியாது எண்டு டாக்டர் சொன்னவர். நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பன், காஞ்சுதான் கிடக்கும். ஆனா ரெண்டு பக்கமும் தள்ளித் தள்ளி நிண்டாங்களே. என்னை விட அவங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்.” உடுத்திருந்த சாரத்தைக் கையால் நீவினார். “காலமை உடுத்தினது. அந்த லைட்டை இதில அடி. நான் பார்க்கோணும்.”

பையில் இரண்டு டோர்ச்சும் கிடந்தன. பழையதை எடுத்தால் எல்லாம் வெள்ளையாக எரியும், தூள் தூள் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். புதியது அப்படி விடாது. மஞ்சள் இருந்தால் மஞ்சள் என்று காட்டிவிடும். ஜமால்தீனின் கை பைக்குள்ளேயே நின்றது. ஒரு தடவை தெரியாமல் பொய்யைப் பிடித்தாயிற்று, தெரிந்து இன்னொரு தடவை பிடிக்க மனம் வரவில்லை. புதியதையே எடுத்தார். கதவைச் சாத்தி, யா அல்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிச் சுவிட்சை அமத்தினார்.

மேலிருந்து கீழ்வரை நீலவெள்ளை. முன்னும் பின்னும் பார்த்தார்கள். மஞ்சள் ஒரு பொட்டும் இல்லை.

“தூள்தான் மாமா. பாதித் தூள் துணியிலயே நிக்குது. நல்லா அலசுங்கோ.”

முஹைதீன் சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “முதல் நாள் ‘இந்தா’ எண்டு சொன்னது நீதானே?” என்று கேட்டார்.

“ஓம் மாமா. பிழையான லைட்டைப் பிடிச்சிட்டு வாயை விட்டனான். என்னை மன்னியுங்கோ.”

 “நாளைக்கு ஜும்ஆவுக்கு வாறன்,” என்று மட்டும் சொன்னார் முஹைதீன்.

அன்று பொழுதுபடுமட்டும் ஜமால்தீன் மெஷினைப் போட்டு அலுமாரியடியையும் யன்னலோரத்தையும் கழுவி உறிஞ்சினார். வெள்ளிக்கிழமை பள்ளியில் மணம் இல்லை. குத்பாப் பிரசங்கத்துக்கு முதல் ஹாஜியார் எழும்பி, “பூனை. என்ர பூனை. விளங்கினதா?” என்றார். சனம் சிரித்தது. ஜமால்தீனும் எழும்பி, பிழை லைட்டைப் பிடித்தது தான்தான் என்று சொல்லிவிட்டுக் கீழே இருந்தார். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

முஹைதீன் பிந்தி வந்தார். வந்தவர் செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசி ஸப்பில் இருந்துகொண்டார்.

தொழுகைக்கு எழும்பினார்கள். முன் ஸப்பில் யன்னலோரம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஹாஜியார், அந்தப் பக்கம் ஜமால்தீன். மௌலவி திரும்பிப் பார்த்து, “இடைவெளி விடாதேங்கோ, நெருங்கி நில்லுங்கோ,” என்றார். இருவரும் அசையவில்லை. மௌலவி இரண்டாம் தடவையும் சொன்னார்.

“மௌலவி, அது ஆள் இல்லாத இடமில்ல,” என்றார் ஹாஜியார், பள்ளி முழுக்கக் கேட்க. “ஆள் பின்னால நிக்கிறார். வரட்டும்.”

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.  ஒவ்வொரு ஸப்பாக ஆட்கள் தோளை ஒதுக்கி வழி விட, முஹைதீன் முன்னால் வந்து தன் இடத்தில் நின்றார். ஹாஜியாரின் தோள் ஒரு பக்கமும் ஜமால்தீனின் தோள் மறு பக்கமும் அவர் மேல் முட்டின. அவருடைய சாரத்தில் சவர்க்காரத் தூள் மணம் தூக்கலாக அடித்தது. மௌலவி முன்னால் திரும்பித் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.